காதல், கல்யாணம், கைப்பணம்: ஆங்கில இலக்கியம் படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆங்கில நாடகங்களையும் நாவல்களையும் பாடமாகவோ ஆசைக்காகவோ படிப்பவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை. இவற்றில் பெரும்பாலானவை மொழி புரியாததால் வருவதில்லை. கதை நடக்கும் காலத்தின் கல்யாணச் சட்டமும் பண ஏற்பாடும் தெரியாததால் வருகின்றன. அன்றைய வாசகருக்கு அவை அன்றாடச் சங்கதி என்பதால் எழுதியவர்கள் விளக்காமல் போய்விட்டார்கள். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே வைத்திருக்கிறோம்.

கோர்ட்ஷிப் என்றால் காதல்தானே, எதற்குத் தனியாக ஒரு சொல்?

காதல் மனசுக்குள் நடப்பது. கோர்ட்ஷிப் ஊர் பார்க்க நடப்பது. ஓர் ஆண் ஒரு பெண்மேல் உள்ள நாட்டத்தை வெளிப்படையாகக் காட்டத் தொடங்கியதிலிருந்து அவள் பதில் சொல்லும்வரை உள்ள காலம் அது. நம் ‘பெண் கேட்பது’ இதற்குச் சற்றுப் பக்கத்தில் வரும். ஆனால் அதில் குடும்பம் குடும்பத்தைக் கேட்கிறது. ஜேன் ஆஸ்டின் நாவல்களில் ஆண் அந்தப் பெண்ணையே நேரில் கேட்கிறான், அவள் ஒப்புக்கொண்ட பிறகே அப்பாவிடம் போகிறான்.

இந்த இடைவெளியை நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீட்டி எழுதியதற்குக் காரணம் சட்டத்தில் இருக்கிறது. கல்யாணம் ஆன பெண்ணுக்குச் சட்டத்தின் கண்ணில் தனி ஆளாக இருப்பே இல்லை என்று பிளாக்ஸ்டன் 1765-இல் தம் சட்ட விளக்க நூலில் எழுதினார். அவள் கையிருப்பும் சம்பாத்தியமும் கணவனுடையவை; அவள் பேரிலுள்ள நிலத்தின் வாடகையும் அவனுக்கே. ஆகவே ஒரு பெண்ணின் சொல்லுக்கு ஓர் ஆண் காத்துநிற்கும் காலம் கோர்ட்ஷிப் மட்டுந்தான். ஆணுக்குத் தேர்ந்தெடுக்கும் வசதி, பெண்ணுக்கு மறுக்கும் உரிமை மட்டும் என்று நார்த்தாங்கர் அபேயில் ஹென்றி டில்னி சொல்வது அதைத்தான். கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு செய்தியைச் சுற்றியே வரும்.

ஜூலியட்டுக்குப் பதிமூன்று வயசுதானே? அந்தக் காலத்தில் எல்லாப் பெண்களுக்கும் அந்த வயதிலேயே கட்டிவைத்துவிடுவார்களா?

இல்லை. ஷேக்ஸ்பியர் காலத்து இங்கிலாந்தில் சாதாரணப் பெண்கள் சராசரியாக இருபத்தைந்து, இருபத்தாறு வயதில்தான் மணந்தார்கள். வேலைக்குப் போய்க் காசு சேர்த்துத் தனிக்குடித்தனம் வைக்க வழி செய்த பிறகே கல்யாணம் என்பது வழக்கம். ஷேக்ஸ்பியர் 1582 நவம்பரில் மணந்தபோது ஆன் ஹாத்தவேக்கு இருபத்தாறு. அவருக்குத்தான் பதினெட்டு, அது அன்றைக்கு விசித்திரம்.

சட்டம் பெண்ணுக்குப் பன்னிரண்டு, ஆணுக்குப் பதினான்கு போதும் என்றது உண்மை. 1929-இல்தான் அதைப் பதினாறாக உயர்த்தினார்கள். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஆர்தர் புரூக்கின் 1562-ஆம் ஆண்டுக் கவிதையில் ஜூலியட்டுக்குப் பதினாறு. அவர் வேண்டுமென்றே குறைத்திருக்கிறார். இன்னும் பதினான்கு முடியாத குழந்தை என்று செவிலி சொல்லும்போது லண்டன் பார்வையாளர்களுக்கு நெஞ்சு திடுக்கிட்டிருக்கும். ‘அந்தக் காலத்தில் அப்படித்தான்’ என்று கடந்துபோனால் அந்தத் திடுக்கிடல் நமக்குக் கிடைக்காது.

பாதிரியார் இல்லை, கோயில் இல்லை, ரெண்டு பேர் பேசிக்கொண்டாலே கல்யாணம் ஆகிவிடுமா?

1754-க்கு முன்னால் ஆகிவிடும். ஆனால் எந்தக் காலத்தில் பேசினார்கள் என்று பார்க்க வேண்டும். இலக்கணக் காலத்தைச் சொல்கிறோம். ‘உன்னை மனைவியாக ஏற்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் சொன்னால் அந்த நொடியே பந்தம். ‘ஏற்பேன்’ என்று எதிர்காலத்தில் சொன்னால் அது நிச்சயம் மட்டும், விலகலாம்; அதன்பின் உடலால் கூடிவிட்டால் அதுவும் கல்யாணமாகிவிடும். தேவாலயச் சடங்கு இல்லாததற்குத் தண்டனை உண்டு, ஆனால் பந்தம் செல்லும்.

மெஷர் ஃபார் மெஷர் நாடகம் முழுக்க இந்த முடிச்சில் நிற்கிறது. கிளாடியோவும் ஜூலியட்டாவும் வாக்குக் கொடுத்துக்கொண்டவர்கள். அவளுடைய பணம் உறவினர்களிடமிருந்து கைக்கு வருவதற்காக ஊரறியச் செய்வதைத் தள்ளிப்போட்டார்கள். அவனுக்கு மரண தண்டனை விதிக்கும் ஏஞ்சலோ, தனக்கு நிச்சயித்த மரியானாவை அவள் சீதனம் கப்பலோடு மூழ்கியதும் கைவிட்டவன். கிளாடியோவின் சகோதரி இசபெல்லாவை அடைய நினைக்கும் அவனிடம், இருட்டில் அவளுக்குப் பதில் மரியானாவை அனுப்பும் தந்திரம் பலருக்கு அருவருப்பாகத் தோன்றும். ஆனால் நிச்சயமும் கூடலும் சேர்ந்தால் கல்யாணம் என்ற விதி அவனைக் கணவனாகக் கட்டிப்போட்டுவிடுகிறது.

வெப்ஸ்டரின் தி டச்சஸ் ஆஃப் மால்ஃபியில் டச்சஸ் இதைச் சட்டம் தெரிந்தவளாகவே செய்கிறாள். கார்யஸ்தன் அன்டோனியோவை அறைக்கு அழைத்து, பணிப்பெண்ணைத் திரைக்குப் பின்னால் சாட்சியாக நிறுத்தி, அறைக்குள் சொல்லும் நிகழ்கால வாக்கே முழுக் கல்யாணம் என்று வக்கீல்கள் சொல்லக் கேட்டிருப்பதாக அறிவிக்கிறாள். அவளைக் ‘கள்ளக்காதலி’ என்று தேர்வுத் தாளில் எழுதாதீர்கள். அவள் மனைவி.

அவ்வளவு சுலபம் என்றால் ஏன் எல்லாரும் கிரெட்னா கிரீனுக்கு ஓடுகிறார்கள்?

மேலே சொன்ன சுலபத்தை நிறுத்தத்தான் 1753-இல் ஹார்ட்விக் பிரபு சட்டம் கொண்டுவந்தார்; 1754 மார்ச் 25 முதல் நடைமுறை. அதன்பிறகு ஆங்கிலிக்கன் தேவாலயத்தில்தான் கல்யாணம் (யூதர்களுக்கும் குவேக்கர்களுக்கும் மட்டும் விலக்கு). மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்க வேண்டும், நம் தேவாலயங்களில் இன்றும் வாசிக்கிறார்களே அதேதான். அல்லது அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். இருபத்தொரு வயதுக்குட்பட்டவருக்குச் சீட்டு வாங்கப் பெற்றோர் சம்மதம் கட்டாயம். ஓலை வாசிக்கும்போது அப்பா எழுந்து தடுத்தாலும் போச்சு.

ஸ்காட்லாந்துக்கு இந்தச் சட்டம் இல்லை. எல்லையைத் தாண்டியதும் வரும் முதல் ஊர்களில் ஒன்று கிரெட்னா கிரீன். இரண்டு சாட்சிகள் முன் சொன்னால் போதும். 1856-இல் இருவரில் ஒருவராவது இருபத்தொரு நாள் அங்கே தங்கியிருக்க வேண்டும் என்று விதி வந்ததும் அந்த ஓட்டம் தளர்ந்தது.

ஆஸ்டினின் பிரைட் அண்ட் பிரெஜுடிஸில், விக்கம் என்ற படையதிகாரியோடு ஓடிப்போன லிடியாவை (நாயகி எலிசபெத் பென்னட்டின் தங்கை) வீட்டார் தேடும் பகுதியை இந்த அறிவோடு படித்துப் பாருங்கள். கிளாப்பம் வரை வந்தவர்கள் நெடுந்தூர வண்டியை அனுப்பிவிட்டு வாடகைக் கோச்சில் ஏறினார்கள், வடக்கே போகும் சாலையில் தடயமே இல்லை என்கிறார்கள். அந்த வண்டி மாற்றம் ஒன்றே வீட்டாருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கப் போதும்: அவர்கள் லண்டனில் தங்கிவிட்டார்கள், விக்கமுக்குக் கல்யாண எண்ணமே இல்லை. பின்னால் லிடியா தன் கல்யாணக் காலையில் நேரம் தாண்டினால் அன்றைக்கு நடக்காது என்று பதறியதாகச் சொல்வாள். 1604-ஆம் ஆண்டுத் திருச்சபை விதிப்படி காலை எட்டிலிருந்து பகல் பன்னிரண்டு வரைதான் கல்யாணம். அவளுக்கு நேரம் பதினொன்று.

அங்கேயும் வரதட்சணை உண்டா?

உண்டு, ஆனால் இரு பக்கமும் எழுதுவார்கள். பெண் வீட்டார் ஒரு தொகை தருவார்கள், அதன் பெயர் போர்ஷன். அதற்கு ஈடாக மாப்பிள்ளை வீட்டார், அவன் இறந்துபோனால் அவள் ஆயுள் முழுக்க ஆண்டுதோறும் இவ்வளவு என்று எழுதிவைப்பார்கள், அது ஜாயின்ச்சர். 18-ஆம் நூற்றாண்டில் ஆயிரம் பவுண்டு கொண்டுவந்தால் ஆண்டுக்கு நூறு என்பது சுமாரான பேரம். இரண்டையும் ‘வரதட்சணை’ என்று மொழிபெயர்த்தால் பேரத்தின் பாதி காணாமல் போகும்.

தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூவில் பெட்ருச்சியோ கேட்டதும் பெண்ணின் அப்பா பாப்டிஸ்டா தம் நிலத்தில் பாதியையும் உடனே இருபதாயிரம் கிரவுனையும் சொல்கிறார்; பெட்ருச்சியோ பதிலுக்கு அவள் விதவைக் காலத்துக்கு நிலங்களை எழுதித் தருவதாகச் சொல்கிறான். மான்ஸ்ஃபீல்ட் பார்க்கின் முதல் பத்தியில் ஏழாயிரம் பவுண்டோடு ஒரு சீமானைப் பிடித்த பெண்ணைப் பற்றி, நியாயப்படி மூன்றாயிரம் குறைவு என்று அவள் வக்கீல் மாமாவே சொல்கிறார். சந்தை விலை எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது என்று பாருங்கள்.

டார்சியின் பத்தாயிரம் பவுண்டு இன்றைக்கு எத்தனை கோடி?

பிரைட் அண்ட் பிரெஜுடிஸ் நாயகன் டார்சியின் ஆண்டு வருமானம் அது; அதை அப்படி மாற்றிப் பார்க்க வேண்டாம். நூல்களுக்குள்ளேயே ஒப்பிடுங்கள், அதில்தான் விஷயம் விளங்கும். முதலில் ஒரு சூத்திரம்: நாவலில் ‘ஆண்டுக்கு’ என்று வந்தால் வருமானம், வெறும் தொகை வந்தால் முதல். முதலை நான்கு அல்லது ஐந்து சதவீதத்தால் பெருக்கினால் வருமானம் கிடைக்கும். டார்சியின் நண்பன் பிங்லிக்கு அப்பா விட்டுப்போனது ஏறக்குறைய ஒரு லட்சம். ஆகவே ஆண்டுக்கு நாலாயிரம் ஐயாயிரம் என்கிறார்கள். கணக்கு சரியாக வருகிறது.

இப்போது எலிசபெத். அம்மா இறந்த பிறகு அவளுக்கு வரக்கூடியது நான்கு சத வட்டியில் ஆயிரம் பவுண்டு என்று உறவினர் காலின்ஸ் பெண் கேட்கும்போதே முகத்துக்கு நேரே சொல்கிறார். ஆண்டுக்கு நாற்பது பவுண்டு. சார்லட் பிரான்டியின் நாயகி ஜேன் அயர் தார்ன்ஃபீல்டு மாளிகையில் ஆசிரியையாக வாங்கியது முப்பது, அதுவும் சாப்பாடு தங்குமிடத்தோடு. டார்சியின் வருமானம் எலிசபெத்தினதைப் போல இருநூற்றைம்பது மடங்கு. இந்த எண்ணை மனசில் வைத்துக்கொண்டு அவள் ஹன்ஸ்ஃபோர்டில் அவனை மறுக்கும் காட்சியைத் திரும்பப் படியுங்கள். எத்தனை பெரிய துணிச்சல்!

ஐந்து பெண் பிள்ளைகள் இருக்க, வீடு ஏன் காலின்ஸுக்குப் போகிறது?

என்டெய்ல் என்ற உரிமைக்கட்டு. முன்னோர் ஒருவர் சொத்தை ஆண் வாரிசு வழியே போகும்படி எழுதிவைத்துவிட்டார். எலிசபெத்தின் அப்பா திரு. பென்னட் ஆயுளுக்கு அனுபவிக்கலாம். விற்கவோ மகளுக்கு எழுதவோ முடியாது. மகன் பிறந்து வயதுக்கு வந்திருந்தால் அப்பாவும் மகனும் சேர்ந்து கட்டை அவிழ்த்திருக்கலாம். அந்த நம்பிக்கையில்தான் அவர் சேமிக்காமல் விட்டார்.

எலிசபெத்தின் தோழி, இருபத்தேழு வயது ஷார்லட் லூகாஸ் காலின்ஸை ஒப்புக்கொண்டதை ‘பணத்தாசை’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறார்கள். மேலே உள்ள கணக்கைப் போட்டால் அவள் வாங்கியது கூரை என்று தெரியும். ஆஸ்டின் அவளைக் கண்டிப்பதில்லை. எலிசபெத்துக்கு ஏற்படும் அதிர்ச்சியை மட்டும் காட்டுகிறார்.

எலிசபெத் ஏன் கடைசிவரைக்கும் ‘மிஸ்டர் டார்சி’ என்றே கூப்பிடுகிறாள்? பாசம் இல்லையா?

நமக்கு இது எளிதில் புரிய வேண்டும். தமிழில் நீ, நீங்கள் இருப்பதுபோல அந்த மொழியிலும் இருந்தது: ‘தௌ’ நெருக்கம், ‘யூ’ மரியாதை. ஆஸ்டின் காலத்தில் ‘தௌ’ பேச்சிலிருந்து போய்விட்டது; அந்த வேலையைப் பெயர்கள் எடுத்துக்கொண்டன. உறவல்லாத ஆணைக் கிறிஸ்தவப் பெயரால் கூப்பிட்டால் நிச்சயமாகிவிட்டது என்று அர்த்தம். எம்மா நிச்சயமான பிறகும் ‘மிஸ்டர் நைட்லி’தான், தேவாலயத்தில் ஒரே ஒருமுறை ஜார்ஜ் என்பேன் என்று சொல்கிறாள். பெண்களில் மூத்தவள் மட்டும் ‘மிஸ் பென்னட்’, மற்றவர்களுக்குப் பெயரும் சேரும்: ‘மிஸ் எலிசபெத் பென்னட்’. இது தெரியாமல் யார் யாரைச் சொல்கிறார்கள் என்று தடுமாறுபவர்கள் நிறைய.

ஷேக்ஸ்பியரில் ‘தௌ’ இன்னும் உயிரோடு இருக்கிறது. மச் அடூ அபௌட் நத்திங்கில் தேவாலயக் காட்சி வரை பெனடிக் பியாட்ரிஸை யூ என்கிறான். காதலைச் சொல்லித் தடை நீங்கியதும் தௌவுக்கு இறங்குகிறான். அவள் காதலை ஒப்புக்கொள்ளும் வரியிலும் யூவை விடவில்லை. அடுத்து அவள் கேட்பது அவன் நண்பன் கிளாடியோவின் உயிரை (மேலே வந்த கிளாடியோ அல்ல). மொழிபெயர்ப்பவர்கள் இரண்டையும் ‘நீ’ ஆக்கினால் அவள் பிடித்துவைத்திருக்கும் அந்த ஒரு முழ இடைவெளி அழிந்துவிடும்.

ஒரு கடிதம் எழுதியதற்கு ஏன் இவ்வளவு ரகளை?

கல்யாணமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொண்டால் நிச்சயமானவர்கள் என்றே ஊர் எடுத்துக்கொள்ளும். சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டியில் மரியான் வில்லபிக்கு எழுதுவதைப் பார்த்து அவள் அக்கா எலினார் நிச்சயம் முடிந்தது என்று முடிவுகட்டுவது அதனால்தான். எம்மாவில் ஜேன் ஃபேர்ஃபாக்ஸ் மழையிலும் தானே அஞ்சலகம் போவதன் ரகசியமும் அதுவே. டார்சி தன் நீண்ட கடிதத்தை அஞ்சலில் போடாமல் தோப்பில் காத்திருந்து எலிசபெத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போவது அவள் பேருக்குப் பாதுகாப்பு.

நடனத்தில் ஒரே ஆளோடு ரெண்டு முறைக்கு மேல் ஆடினால் என்னவாம்?

ஒரு ஜோடி இரண்டு நடனங்களுக்குச் சேரும், கிட்டத்தட்ட அரை மணி. காவலுக்கு வந்த பெரியவர்கள் காதில் விழாமல் பேசக் கிடைத்த அபூர்வமான நேரம் அது. ஒரே மாலையில் மீண்டும் அதே பெண்ணைக் கேட்டால் அது ஊருக்கு அறிவிப்பு. மெரிட்டனில் பிங்லி ஜேனோடு இரண்டாம் முறை ஆடியதை அம்மா வீடு வந்தும் சொல்லிச் சொல்லி மகிழ்வது அதற்காக. பெண் ஒருவரை மறுத்தால் மற்றவரோடும் ஆடக் கூடாது. ஃபேனி பர்னியின் எவலினாவில் (1778) கதாநாயகி இது தெரியாமல் செய்து மாட்டிக்கொள்கிறாள்.

எம்மாவில் வண்டிக்குள் மிஸ்டர் எல்டன் ‘மேக்கிங் லவ்’ செய்தார் என்று இருக்கிறதே, ஆஸ்டினா அப்படி எழுதினார்?

அன்றைக்கு அதற்கு அர்த்தம் வாயால் காதல் பேசுவது, அவ்வளவே. எல்டன் கையைப் பற்றிக்கொண்டு காதல் வசனத்தைப் பொழிகிறார். இப்படி ஏமாற்றும் சொற்கள் இன்னும் சில உண்டு. ‘லவர்’ என்றால் பெண்ணை நாடி வருபவன். ஷேக்ஸ்பியரில் ‘மிஸ்ட்ரஸ்’ பெரும்பாலும் காதலி அல்லது எஜமானி. வைப்பாட்டி என்று எழுதும் முன் சூழலைப் பாருங்கள். ‘அட்ரஸ்’ என்பது முகவரி அல்ல, பெண் கேட்டு நெருங்குவது. எல்லாவற்றிலும் ஆபத்தானது ‘ஹானஸ்ட்’. பெண்ணைப் பற்றி வந்தால் அது கற்பைக் குறிக்கும். ஹாம்லெட் ஒஃபீலியாவிடம் கேட்பது ‘உண்மை பேசுகிறாயா’ என்று அல்ல.

பொம்பளை வேஷத்தைப் பையன்கள் போட்டால் காதல் காட்சி எப்படி எடுபட்டிருக்கும்?

நன்றாகவே எடுபட்டது, நாடகத்தின் அமைப்பையே அது தீர்மானித்தது. மூத்த நடிகர்களிடம் பயிற்சிக்கு இருந்த பையன்கள் சிலரே ஒரு குழுவில் இருப்பார்கள். அதனால்தான் ஷேக்ஸ்பியர் நாடகங்களில் ஆண்கள் நிறைய, பெண்கள் மூன்று நான்கு பேர். நெருக்கத்தைத் தொடுதலில் காட்டாமல் சொல்லில் காட்டினார்கள்: ரோமியோவும் ஜூலியட்டும் முதலில் சந்திக்கும்போது பேசும் பதினான்கு அடிகள் இருவரும் பங்குபோட்ட ஒரு சானெட்.

ஆஸ் யூ லைக் இட்டில் ஒரு பையன் ராசலிண்டாக வருகிறான். அவள் கானிமீட் என்ற பையனாக வேஷம் போடுகிறாள். அந்தக் கானிமீட் ஆர்லாண்டோவுக்காக ராசலிண்டாக நடிக்கிறான். ஆண் உடையில் இருப்பதால்தான் அவளால் ஆண்களின் காதல் வசனத்தைக் கேலி செய்ய முடிகிறது. ஷேக்ஸ்பியரின் பெண்பாத்திரங்களிலேயே மிக நீளமானது அதுதான். 1660 டிசம்பர் 8-இல் லண்டனில் டெஸ்டிமோனாவாக ஒரு பெண்ணே மேடையேறினார். அதன்பின் ஆணுடை அணியும் பெண்வேடம் பெண்களின் காலைப் பார்க்க வருவோருக்கான கவர்ச்சியாக மாறிப்போனது.

சானெட்களில் காதலி ஏன் எப்போதும் கல்நெஞ்சக்காரி?

இத்தாலியின் பெட்ரார்க் போட்ட அச்சு. அவள் எட்டாதவள், அவன் உருகுபவன். முடி பொன், உதடு பவளம். ஷேக்ஸ்பியரின் 130-ஆம் சானெட் அந்த உவமைகளை ஒவ்வொன்றாக மறுத்துவிட்டு முடிவில் காதலை நிலைநாட்டுகிறது. ஸ்பென்சரின் அமொரெட்டி (1595) கல்யாணத்தை நோக்கிப் போகிறது, அது புதுமை. 1621-இல் மேரி ரோத் பெண் குரலில் ஒரு முழு வரிசையை வெளியிட்டார். ஆங்கிலத்தில் ஒரு பெண் எழுதிய முதல் காதல் சானெட் தொடர் என்று அதைச் சொல்வார்கள். பாடத்திட்டத்தில் இன்னும் அதிக இடம் பெறவேண்டியவர்.

பெண் முதலில் காதலைச் சொல்லக் கூடாதா?

ஆஸ்டினில் கூடாது, குறிப்பால் காட்டலாம். ஜேன் பென்னட் அதையும் அடக்கியதால் டார்சி அவளுக்கு விருப்பமில்லை என்று நினைத்து நண்பனை அழைத்துப் போய்விட்டான். நாடகத்தில் சட்டம் வேறு. கல்யாணம் செய்யும் எண்ணமானால் நாளைக்குச் சொல்லியனுப்பு என்று முதலில் சொல்வது ஜூலியட். தி டெம்பெஸ்டில் மிராண்டா ஃபெர்டினாண்டிடம் நேராகவே கேட்கிறாள். தன் கதையைச் சொல்லத் தெரிந்த நண்பன் இருந்தால் அவனே என்னை வெல்வான் என்று டெஸ்டிமோனா ஒதெல்லோவுக்கு வழி காட்டுகிறாள். முன்பு பார்த்த டச்சஸ் விதவை, யார் அனுமதியும் தேவையில்லாதவள். தன் உயரத்தால் யாரும் கேட்கத் துணியாததால் தானே கேட்க வேண்டியிருக்கிறது என்கிறாள்.

கேதரின் பெட்ருச்சியோவைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாளா இல்லையா?

தி டேமிங் ஆஃப் தி ஷ்ரூவில் அவள் வாயால் சம்மதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ தூக்கில் தொங்குவதைப் பார்ப்பேன் என்கிறாள். தனிமையில் என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள், ஊருக்கு முன் சண்டைக்காரியாக நடிப்பதாக ஒப்பந்தம் என்று அவன் சொல்ல, பாப்டிஸ்டா கைகளைச் சேர்க்கிறார், இருவர் ஆமென் சொல்லிச் சாட்சியாகிறார்கள். வாக்குக் கல்யாணத்தின் உறுப்புகள் எல்லாம் இருக்கின்றன, அவள் வாக்கைத் தவிர. கல்யாணத்துக்குப் பின் பட்டினி போட்டு, தூங்கவிடாமல் செய்வது வல்லூறு பழக்கும் முறை. அவனே அப்படித்தான் சொல்கிறான்.

அந்தக் காலத்தில் இது யாரையும் உறுத்தவில்லை என்று நினைக்காதீர்கள். ஃபிளெச்சர் எழுதிய எதிர் நாடகத்தில் பெட்ருச்சியோவின் இரண்டாம் மனைவி அவனைப் பழக்குகிறாள். 1633 நவம்பரில் இரண்டையும் அரசவையில் அடுத்தடுத்து நடித்தார்கள். ஷேக்ஸ்பியருடையது பிடித்தது, ஃபிளெச்சருடையது மிகவும் பிடித்தது என்று குறிப்பு இருக்கிறது.

தி வே ஆஃப் தி வேர்ல்டில் மில்லமன்ட் போடும் நிபந்தனைகள் வெறும் வேடிக்கையா?

பார்வையாளர் சிரிக்கத்தான் கான்கிரீவ் 1700-இல் அதை எழுதினார், ஆனால் அவள் கேட்பது சட்டம் தராத ஒவ்வொன்றையும். இஷ்டப்படி எழுந்திருக்க, விரும்பியவருக்கு எழுத, விரும்பியவரைப் பார்க்க, வேண்டாதவரோடு பேசாமலிருக்க, தன் அறைக்குள் கணவன் கதவைத் தட்டி வர. முதல் பதிலில் சொன்னபடி கல்யாணம் ஆன மறுநொடி இதில் எதையும் அவளால் நீதிமன்றத்தில் கேட்க முடியாது. கேட்கக்கூடிய கடைசி மணித்துளியில் கேட்கிறாள். நான்காம் அங்கத்தின் அந்தக் காட்சியை விடச் சிறந்த காதல் காட்சி அந்த நூற்றாண்டில் இல்லை என்பது எங்கள் கருத்து.

ஐந்தாம் அங்கத்தின் கறுப்புப் பெட்டியையும் கவனியுங்கள். ஃபெயினால் தன் மனைவியின் சொத்தைப் பிடுங்க வரும்போது, அவள் விதவையாக இருந்தபோதே அனைத்தையும் மில்லமன்டின் காதலன் மிராபெல் பேரில் அறக்கட்டாக எழுதிவைத்த பத்திரம் வெளிவருகிறது. கல்யாணத்துக்கு முன் தேதியிட்டதால் அவனால் தொட முடியாது. பணக்காரப் பெண்கள் சான்சரி நீதிமன்றத்தின் துணையோடு தப்பித்த உண்மையான வழி இது. மற்றப் பெண்கள் 1870, 1882 சொத்துச் சட்டங்கள் வரும்வரை காத்திருந்தார்கள். ஆன் பிரான்டியின் தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹாலில் (1848) கணவனிடமிருந்து ஓடிவந்து ஹெலன் வரைந்து விற்கும் படங்களின் காசுகூடச் சட்டப்படி அவனுடையது. பெயரை மாற்றி ஒளிந்திருப்பது அதனாலும், மகனை அவன் பிடுங்கிக்கொள்ள முடியும் என்பதாலும்.

ஆண் நிச்சயத்தை முறித்தால் என்ன செய்வார்கள்?

வழக்குப் போடலாம், நஷ்டஈடு கிடைக்கும். 1970-ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை ஒழித்தது. டிக்கன்ஸின் பிக்விக் மேல் திருமதி பார்டெல் போட்ட வழக்கில் எழுநூற்றைம்பது பவுண்டு தீர்ப்பாகிறது. பெண் விலகினால் பெரிதாகப் பேசமாட்டார்கள், ஆண் விலகினால் மானம் போகும். சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டியில் எட்வர்ட் ஃபெரார்ஸ் விருப்பம் செத்த பிறகும் லூசி ஸ்டீலை விடாததும், லூசி தானே வேறொருவனைக் கட்டியதும்தான் அவனுக்கு விடுதலை கிடைப்பதும் இதனால்.

ராச்செஸ்டர் ஏன் பெர்த்தாவை விவாகரத்து செய்யவில்லை? அவ்வளவு பணம் இருந்ததே?

1857 வரை மறுமணம் செய்யும்படியான விவாகரத்துக்கு நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேற்ற வேண்டும். ஆண்கள் மனைவியின் சோரத்தைக் காட்டி வாங்கினார்கள். பெண்களில் அதில் வென்றவர்கள் நான்கே பேர். ஜேன் அயர் நாவலில் ராச்செஸ்டர் தன் மனைவி பெர்த்தாவின் நடத்தையைக் குறை சொல்கிறான், ஆனால் அவளுக்குப் பித்து என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டதால் சட்ட வழி அடைபட்டது என்று அவனே ஜேனிடம் விளக்குகிறான். பித்து விவாகரத்துக்குக் காரணமாக ஏற்கப்பட்டது 1937-இல். முப்பதாயிரம் பவுண்டு சீதனத்துக்காக அவன் வீட்டார் செய்த சம்பந்தம் அது என்பதையும் மறக்க வேண்டாம்.

1857-ஆம் ஆண்டுச் சட்டமும் ஒரு கண்ணுக்கு வெண்ணெய்தான். கணவனுக்கு மனைவியின் சோரம் போதும். மனைவிக்கோ கணவனின் சோரத்தோடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொன்றும் வேண்டும். 1923-இல் சமமாக்கினார்கள்.

டெஸ் சாகப்போகும்போது தங்கையைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறாளே, அதில் என்ன சிக்கல்? அக்கா போனால் தங்கையைக் கொடுப்பது சாதாரணம்தானே?

நமக்குச் சாதாரணம், அன்றைய இங்கிலாந்தில் சட்டவிரோதம். யாரை யார் மணக்கக் கூடாது என்ற பட்டியல் 1563 முதல் உண்டு, அதைத் தேவாலயங்களில் மாட்டிவைத்தார்கள். அதில் அத்தை மகன், மாமன் மகள் வரவில்லை; மான்ஸ்ஃபீல்ட் பார்க்கில் ஃபேனி தன் பெரியம்மா மகனை மணப்பதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் இறந்த மனைவியின் தங்கை, இறந்த அண்ணனின் மனைவி இரண்டும் விலக்கு. ஹாம்லெட் தன் அம்மா சித்தப்பாவைக் கட்டியதைத் தகாத உறவு என்று துடிப்பது இந்தப் பட்டியலின்படி.

ஹார்டி டெஸ்ஸை வெளியிட்டது 1891. ஸ்டோன்ஹெஞ்சில் படுத்திருக்கும் டெஸ் தன் கணவன் ஏஞ்சலிடம், தங்கை லிசா-லூவை மணந்துகொள் என்கிறாள். அவள் என் மைத்துனி ஆயிற்றே என்று ஏஞ்சல் தயங்க, எங்கள் ஊர்ப் பக்கம் அதெல்லாம் சகஜம் என்கிறாள். கிராமத்து வழக்கமும் புத்தகச் சட்டமும் மோதும் இடம் அது. கடைசிப் பக்கத்தில் கறுப்புக் கொடி ஏறியதும் கைகோத்து நடக்கும் அந்த இருவரும், 1907-இல் சட்டம் மாறும்வரை, இங்கிலாந்தின் எந்தத் தேவாலயத்திலும் செல்லத்தக்க விதத்தில் மணந்துகொள்ள முடியாதவர்கள்.